வழியறிந்த உயிர்கள்

1822 ஆம் ஆண்டு வசந்த காலத்திலே, ஜேர்மனியின் வட கரைக்கு அண்மையிலுள்ள குளூட்ஸ் என்னும் ஊர்ப்புறத்தில் வெண்ணிற நாரை ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதனை எடுத்துப் பார்த்தோர் திகைத்து நின்றனர். நாரையின் கழுத்தை ஊடுருவி, முக்கால் மீற்றர் அளவு நீளமான ஈட்டி ஒன்று தைத்திருந்தது. அவ்வீட்டியின் மரமோ ஐரோப்பாவில் வளரும் மரம் அன்று. ஆபிரிக்காவின் நடுப்பகுதிக்கு உரியது. யாரோ ஒரு வேடன் எறிந்த ஈட்டியைக் கழுத்திலே தாங்கிக்கொண்டு, பாலைவனத்தையும் கடலையும் கடந்து, அந்த நாரை தன் கூட்டை நாடி வந்திருந்தது. ஜேர்மனியிலுள்ள ரொஸ்டொக் பல்கலைக்கழகம் அதனைப் பதப்படுத்திப் பாதுகாத்து வருகின்றது.

இந்நிகழ்ச்சி அறிவுலகுக்கு ஒரு பெரும் விடையை அளித்தது. குளிர்காலம் வந்ததும் மறைந்து, வசந்தத்தில் மீண்டும் தோன்றும் பறவைகள் இடைக்காலத்தில் எங்கே செல்கின்றன என்னும் வினா ஐரோப்பியரை நெடுங்காலம் மயக்கியிருந்தது. தகைவிலான் குருவிகளுட் சில பொந்துகளில் ஒளிந்து கிடக்கின்றன என்று கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் எழுதினார். 1555 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட சுவீடன் நாட்டுச் சமயத் தலைவர் ஒலாவுஸ் மாக்னுஸ், அக்குருவிகள் நீருக்கடியில் உறங்குகின்றன என்றும், செம்படவரின் வலையில் அவை மீனோடு மீனாக அகப்படுகின்றன என்றும் கூறினார். நாரையின் கழுத்தில் நின்ற ஈட்டி இத்தகைய கதைகளுக்கு முற்றுப்புள்ளி இடத் தொடங்கியது. தமிழருக்கோ நாரையின் வழிப்பயணம் முன்னரே அறிமுகமானது. வறுமையுற்ற சத்திமுற்றப் புலவர் நாரையை விளித்துத் தம் மனைவிக்குத் தூது விடுத்த செய்யுள், தென்குமரியிலே நீராடி வடதிசைக்கு மீளும் பறவையையே பேசுகின்றது.

கண்டதை உறுதிப்படுத்தும் வழியை வகுத்தவர் டென்மார்க் நாட்டுப் பள்ளியாசிரியர் ஒருவர். வீபோர் நகரில் வாழ்ந்த மோர்ட்டென்சன் என்பார், 1899 ஆம் ஆண்டில், நம் மைனாவுக்கு உறவினதான சிறு பறவைகளைப் பிடித்து, எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய அலுமினிய வளையங்களை அவற்றின் கால்களில் பூட்டிப் பறக்கவிட்டார். பிற்காலத்திலே வளையத்தின் இடத்தைச் சிறு வானொலிக் கருவிகளும், அவற்றின் பின் செய்மதிக் கருவிகளும் பெற்றன. இவற்றின் துணையால் வெளிப்பட்ட உண்மைகள் பழைய கட்டுக்கதைகளிலும் பார்க்க வியப்பு மிக்கவை.

விலாங்கு மீனை முதலில் எடுத்துக்கொள்வோம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு என்பது பழமொழி. ஐரோப்பிய விலாங்கோ ஆராய்ச்சியாளர் அனைவருக்குமே நெடுங்காலம் வாலை மட்டும் காட்டி வந்தது. ஆறுகளிலும் குளங்களிலும் ஆயிரக்கணக்காகப் பிடிபட்ட அம்மீனின் வயிற்றில் முட்டையைக் கண்டார் இலர். குஞ்சைக் கண்டாரும் இலர். அது சேற்றிலிருந்து தானே தோன்றுகின்றது என அரிஸ்டோட்டில் கருதினார். பின்னர் மனநூல் அறிஞராகப் புகழ்பெற்ற சிக்மண்ட் புரொயிட், மாணவராயிருந்த 1876 ஆம் ஆண்டில், திரியெஸ்த் நகரிலே ஏறக்குறைய நானூறு விலாங்குகளை அறுத்து அவற்றின் ஆண் உறுப்பைத் தேடினார். ஐயமற்ற விடை அவருக்கும் கிட்டவில்லை. 1896 ஆம் ஆண்டிலே இத்தாலிய அறிஞர் கிராசி, வேறொரு மீனினம் எனக் கருதப்பட்டு வந்த இலை வடிவான கடற்பிராணியே விலாங்கின் இளமைப் பருவம் என்பதை நிறுவினார்.

அவ்விளமைப் பருவம் பிறக்கும் இடத்தைத் தேடிப் புறப்பட்டவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி யோகன்னஸ் சிமித். 1904 ஆம் ஆண்டில் பாரோத் தீவுகளுக்கு மேற்கே ஏழரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட விலாங்குக் குஞ்சு ஒன்று அவருக்கு அகப்பட்டது. குஞ்சு சிறிதாகச் சிறிதாகப் பிறப்பிடம் அணித்தாகும் என்பது அவர் கொண்ட நியாயம். அந்த ஒரே நியாயத்தைப் பற்றிக்கொண்டு பதினெட்டு ஆண்டுகள் அத்திலாந்திக் சமுத்திரத்தை அவர் அரித்தார். மேற்கே செல்லச் செல்லக் குஞ்சுகள் சிறுத்தன. 1922 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிபு இது: ஐரோப்பாவின் விலாங்குகள் பிறப்பது, அமெரிக்காவை அடுத்துக் கடற்பாசி மிதக்கும் சர்காசோக் கடலிலே. அங்கிருந்து நீரோட்டத்தில் மிதந்து ஐரோப்பாவை அடையும் குஞ்சு கண்ணாடி போன்ற சிறு மீனாகி, ஆற்றில் ஏறி, மஞ்சள் நிறம் பெற்று, பல்லாண்டு வாழ்கின்றது. பின்னர் ஒரு நாள் அதன் உடல் வெள்ளி நிறமாகின்றது, கண்கள் பெருக்கின்றன, குடல் சுருங்குகின்றது. உணவை முற்றாக மறந்து, ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியை நீந்தித் தான் பிறந்த கடலுக்கே அது திரும்புகின்றது. அசோரெஸ் தீவுகளின் அருகே கருவி பொருத்தி விடப்பட்ட விலாங்குகள் சர்காசோக் கடலை அடைந்தமை 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினால் உறுதியாயிற்று. எனினும் அங்கு அவை முட்டையிடும் காட்சி இன்னமும் மனிதர் கண்ணில் படவில்லை.

அக்காட்சியைக் காணுமுன்னரே விலாங்கு மறைந்துவிடுமோ என்னும் அச்சம் இப்பொழுது எழுந்துள்ளது. ஆற்றை மறித்த அணைகளாலும், நீர்மின் சுழலிகளாலும், வற்றிய சதுப்பு நிலங்களாலும், கண்ணாடிக் குஞ்சுகளைக் கவர்ந்து விற்கும் கள்ள வாணிபத்தாலும் ஐரோப்பிய ஆறுகளுக்கு வரும் குஞ்சுகளின் தொகை, 1960 களிலும் 1970 களிலும் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகிவிட்டது. 2008 ஆம் ஆண்டு முதல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகக் கணிக்கப்பட்டு வருகின்றது. கடலில் ஓர் அடி கூடத் தவறாத பிராணி, மனிதன் கட்டிய சுவரின் முன்னே வழியின்றி நிற்கின்றது.

நீரை விட்டு வானத்தை நோக்கினால், தூரத்தில் முதலிடம் பெறுவது வடமுனை ஆலா. நூறு கிராம் அளவே நிறையுள்ள இக்கடற்பறவை வடமுனையை அடுத்த நிலங்களில் குஞ்சு பொரித்து, தென்முனையைச் சூழ்ந்த பனிக்கடலுக்குச் சென்று, மீண்டும் வடக்கே வருகின்றது. ஈரிடத்தும் கோடை காலத்தையே அனுபவிப்பதால், உலகில் மிகுதியான பகலொளியைக் காணும் உயிர் இதுவே என்பர். கிரீன்லாந்தில் ஒன்றரைக் கிராமுக்கும் குறைந்த கருவிகளை இப்பறவைகளின் காலிலே பூட்டிச் செய்த ஆய்வு 2010 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓராண்டில் ஒரு பறவை சராசரியாக 70,900 கிலோமீற்றர் பறந்தது என அது காட்டிற்று. முப்பது ஆண்டு வாழும் ஆலா தன் வாழ்நாளிலே கடக்கும் தூரம், சந்திரனுக்கு மும்முறை போய் வருவதற்குப் போதுமானது. நேர்வழியை விட்டு, காற்றின் போக்கை அனுசரித்து வளைந்து வளைந்து அது பறக்கின்றது. காற்றோடு போராடாது அதனைப் பயன்படுத்திக்கொள்ளும் பழைய பாய்க்கப்பல் மாலுமியின் அறிவு அதனிடம் இருக்கின்றது. தெற்கே செல்லும் வழியில் வட அத்திலாந்திக்கின் நடுவே ஏறத்தாழ ஒரு மாத காலம் தங்கி இரை தேடும் வழக்கமும் அந்த ஆய்விலேயே தெரியவந்தது.

ஆலாவுக்குக் கடல் இரை தருகின்றது. பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவைக்கு அந்த வசதியும் இல்லை. நீண்ட அலகினால் சேற்றைத் துழாவி உண்ணும் அது நீரில் இறங்கி இளைப்பாற இயலாது. எனவே கடலைக் கடப்பதாயின் ஒரே மூச்சிலே கடக்க வேண்டும். செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட பெண் பறவை ஒன்று, 2007 ஆம் ஆண்டில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, உண்ணாது, பருகாது, தரையைத் தொடாது, எட்டு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 11,000 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்து நியூசிலாந்தில் இறங்கியது. 2022 ஆம் ஆண்டிலோ, பிறந்து ஐந்து மாதமே நிரம்பிய இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவு வரை 13,560 கிலோமீற்றர் தூரத்தைப் பதினொரு நாட்களில் பறந்தது. முன்பின் கண்டறியாத வழி அது.

இத்தகைய பயணத்துக்கு அப்பறவை ஆயத்தமாகும் முறையும் எண்ணத்தக்கது. புறப்படுமுன் இடைவிடாது உண்டு, உடல் நிறையிற் பாதிக்கு மேல் கொழுப்பாகும்படி அது பருக்கின்றது. அதன் பின்னர், வழியிலே பயன்படாத இரைப்பையும் குடலும் ஈரலும் சுருங்கிவிடுகின்றன. எரிபொருளை நிரப்பிக்கொண்டு தேவையற்ற சுமையை இறக்கிவிட்டுப் புறப்படும் விமானத்தை இது ஒக்கும்.

வடக்கே திரும்பும்போது மட்டும் இப்பறவைகள் இடைவழியில் தங்குகின்றன. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே உள்ள மஞ்சட் கடலின் சேற்றுக்கரைகளே அவற்றின் தங்குமடம். அலை வற்றும்போது வெளிப்படும் அந்தச் சேற்றிலே புழுவும் சிப்பியும் மலிந்திருக்கும். அவற்றை உண்டு மீண்டும் கொழுப்பேற்றிக்கொண்டாலன்றி அலாஸ்காவை அடைந்து முட்டையிட இயலாது. ஆயின், ஐம்பதாண்டுக் காலத்தில் இச்சேற்றுக்கரைகளிற் பாதிக்கு மேற்பட்டவை தொழிற்சாலைகளுக்காகவும் துறைமுகங்களுக்காகவும் வயல்களுக்காகவும் அணையிடப்பட்டு நிலமாக்கப்பட்டன. தென்கொரியாவின் சேமங்கும் என்னும் இடத்தில் 33 கிலோமீற்றர் நீளமான கடற்சுவர் 2006 ஆம் ஆண்டில் பூட்டப்பட்டபோது, அங்கு வந்து தங்கிய உள்ளான் இனப் பறவைகளிற் பல்லாயிரம் மறைந்தன. அவை அயற்கரைகளுக்குச் சென்றிருக்கும் என நம்பியோர் அங்கும் தேடினர், அங்கும் காணவில்லை. அலாஸ்காவின் புல்வெளியும் நியூசிலாந்தின் கரையும் பழுதின்றி இருந்தும் பயனென்? இடையிலுள்ள ஒரு மடம் இடிந்தால் யாத்திரிகன் ஊர் சேரான். இதனை உணர்ந்த பின்னரே சீன அரசு 2018 ஆம் ஆண்டில் கடல் நிரப்பும் வேலைகளுக்குக் கடுந் தடை விதித்தது. 2019 ஆம் ஆண்டில் சீனக் கரையின் ஒரு பகுதியும், 2021 ஆம் ஆண்டில் கொரியக் கரையின் சில பகுதிகளும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

பறவைக்கு எலும்பும் தசையும் உண்டு. அரைக் கிராம் நிறையுள்ள வண்ணத்துப்பூச்சியின் நிலை யாது? வட அமெரிக்காவிலே மொனார்க், அதாவது மன்னன், எனப் பெயர்பெற்ற செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் இலையுதிர் காலத்தில் தெற்கே சென்று மறைவதைக் கண்ட கனடா நாட்டு விஞ்ஞானி பிரெட் உர்க்காட்டும் அவர் மனைவி நோராவும், அவை செல்லும் இடத்தை அறியப் பல பத்தாண்டுகள் உழைத்தனர். இறகிலே நுண்ணிய கடதாசிச் சீட்டு ஒட்டும் பணியில் ஊர்தோறும் ஆர்வலர்கள் அவர்களுக்கு உதவினர். 1975 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், மெக்சிக்கோவின் மலைமீது ஏறத்தாழ மூவாயிரம் மீற்றர் உயரத்திலுள்ள தேவதாருக் காடுகளில் அந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தின் அடியும் கிளையும் தோன்றாதவாறு கோடிக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகள் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. மறு ஆண்டில் உர்க்காட் தாமே அங்கு சென்றபோது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் சீட்டு ஒட்டிவிட்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று அவர் கண்ணிலேயே பட்டது.

இப்பயணத்தின் பெருவியப்பு பின்வருவது. மெக்சிக்கோவிலிருந்து வசந்தத்தில் வடக்கே புறப்படும் வண்ணத்துப்பூச்சி கனடாவை அடைவதில்லை. வழியிலே முட்டையிட்டு இறந்துவிடுகின்றது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே வடக்கே ஏறுகின்றன. கோடையிற் பிறக்கும் அத்தலைமுறைகள் சில வாரங்களே வாழ்பவை. ஆனால் கோடை முடிவிற் பிறக்கும் தலைமுறையோ எட்டு மாதம் வரை உயிர் தாங்கி, முன்னோர் தங்கிய அதே மலைக்குத் திரும்புகின்றது. தந்தையும் பாட்டனும் காணாத ஊருக்கு வழி காட்டியது யார்? சூரியனின் நிலையைக் கண்ணால் அறிந்தும், பொழுதின் அளவை உணர்கொம்பிலுள்ள உயிர்க்கடிகையால் கணித்தும் அவை தென்மேற்குத் திசையைப் பற்றுகின்றன என ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். நம் எருக்கின் குடும்பத்ததாகிய பாற்செடியின் இலையன்றி வேறெதனையும் அவற்றின் புழுக்கள் உண்பதில்லை. அச்செடி வயற்களையாகக் கருதப்பட்டு மருந்து தெளித்து அழிக்கப்பட்டது. மெக்சிக்கோவின் காடுகளும் வெட்டுண்டன. 1996-97 குளிர்காலத்தில் பதினெட்டு ஹெக்டயர் பரப்பில் மொய்த்திருந்த வண்ணத்துப்பூச்சிகள், 2023-24 குளிர்காலத்தில் ஒரு ஹெக்டயரையும் நிரப்பவில்லை. அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அப்பரப்பு சற்றுப் பெருகியமை, நம்பிக்கைக்கு இன்னும் இடம் உண்டு என்பதைக் காட்டுகின்றது.

இந்து சமுத்திரத்துக்கும் இத்தகைய சிறு பயணி ஒன்று உண்டு. மாரி தொடங்குமுன் வெளிகளிலே கூட்டங்கூட்டமாய்ப் பறக்கும் பொன்னிறத் தும்பியே அது. மாலைதீவில் வாழ்ந்த கடலுயிர் ஆராய்ச்சியாளர் சாள்ஸ் அண்டர்சன், ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் அங்கு தும்பிகள் பெருந்திரளாக வந்திறங்குவதைக் கவனித்தார். தும்பி முட்டையிடுவதற்கு நன்னீர் வேண்டும். அப்பவளத் தீவுகளிலோ நன்னீர்க் குளங்கள் இல்லை எனலாம். ஆகவே அவை அங்கே தங்க வந்தவை அல்ல, கடந்து செல்ல வந்தவை என அவர் உணர்ந்தார். 2009 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருத்தின்படி, தென்னிந்தியாவிலிருந்து புறப்படும் தும்பிகள், ஆயிரம் மீற்றருக்கு மேலே வீசும் காற்றில் ஏறி, மாலைதீவையும் சீசெல்சையும் கடந்து, கிழக்கு ஆபிரிக்காவின் மாரிமழையைப் போய்ச் சேர்கின்றன. மழைநீர் தேங்கிய குட்டைகளில் பிறந்து, ஆறு வாரமளவில் வளர்ந்து, மழையைத் தொடர்ந்து பறப்பதே அவற்றின் வாழ்க்கை. போய் மீளும் வழி முழுவதையும் முடிப்பது ஒரு தும்பியன்று, பல தலைமுறைகள்.

தும்பிகள் கடலைக் கடக்கும் அதே காலத்தில், அதே காற்றிலே, அவற்றை இரையாகக் கொண்டு கடலைக் கடக்கும் பறவை ஒன்றும் உண்டு. அதற்கு அமூர் வல்லூறு என்று பெயர். சீனாவின் வடகிழக்கிலும் அமூர் ஆற்றுப் பகுதியிலும் குஞ்சு பொரித்து, தென் ஆபிரிக்காவுக்குச் செல்லும் இச்சிறு வல்லூறு, இடையில் இந்தியாவின் நாகாலாந்து மாநிலத்திலுள்ள தோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே இலட்சக்கணக்கிலே வந்து தங்குகின்றது. 2012 ஆம் ஆண்டில் அங்கு அவை மீன்வலைகளால் பிடிக்கப்பட்டு இறைச்சிக்காகக் கொல்லப்படுவது உலகுக்குத் தெரிய வந்தது. ஒரு பருவத்திலே மாண்டவை இலட்சத்துக்கும் அதிகம் என அப்பொழுது மதிப்பிட்டனர். கடற்பயணத்தின் வாயிலிலேயே ஓர் இனம் அழிந்துகொண்டிருந்தது. ஆனால் வல்லூறுகளின் வழி அதனோடு முடிந்துவிடவில்லை. ஊர்ச் சபைகளும், சமயத் தலைவர்களும், அரசு அதிகாரிகளும், இயற்கைப் பாதுகாப்பாளரும் ஊரவரோடு கூடிப் பேசினர். பறவை எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என்பது ஊரவருக்கு விளக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே வலைகள் அகற்றப்பட்டன, கொலை நின்றது. அவ்வாண்டில் செய்மதிக் கருவி பூட்டப்பட்ட மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பங்தி என அம்மண்ணின் பெயர்களே சூட்டப்பட்டன. அவை ஆபிரிக்காவை அடைந்து மீளும் செய்தியை, நேற்றுவரை வேட்டையாடிய ஊர்களே தங்கள் வீட்டுப் பிள்ளை கடல் கடந்து திரும்பியது போல எதிர்பார்த்திருந்தன.

விலாங்கின் வழியில் அணை எழுந்தது. மூக்கனின் வழியில் கடற்சுவர் எழுந்தது. வல்லூறின் வழியிலே விரிந்த வலை சுருட்டப்பட்டது. இவை யாவும் ஓருண்மையை உணர்த்துகின்றன. நிலைத்து வாழும் பிராணியைக் காக்க ஒரு நாடு போதும். பயணம் செய்யும் பிராணியையோ வழியிலுள்ள நாடுகள் அனைத்தும் சேர்ந்தே காக்க வேண்டும். கெடுப்பதற்கு மட்டும் அவற்றுள் ஒன்றே போதும்.

இக்கடமை இலங்கைக்கும் புறம்பானதன்று. தெற்கே பனிக்கண்டம் வரை கடலே விரிந்து கிடப்பதால், ஆசியாவின் வடபுலத்திலிருந்து வரும் பறவைகளிற் பலவற்றுக்கு இத்தீவே வழியின் முடிவாகும். 2021 ஆம் ஆண்டில் மன்னாரிலே செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று, ரஷ்யாவின் வடமுனைக் கரையிலுள்ள யமால் குடாநாடு வரை சென்றதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். மன்னார்க் கரையை ஒட்டிய வங்காலைச் சரணாலயம், 2010 ஆம் ஆண்டு முதல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டுள்ளது. ஆண்டின் இறுதி மாதங்களில் அக்களப்பிலும் யாழ்ப்பாணக் களப்பிலும் சேற்றைக் கிளறி இரை தேடும் சிறு பறவை, எத்தனையோ தேசங்களின் நல்லெண்ணத்தால் அங்கு வந்து சேர்ந்தது. அது மீண்டும் புறப்படும் நாள் வரை அதற்கு இரையும் அமைதியும் அளிப்பது, வழியின் கடைசி வீட்டாருக்கு உரிய விருந்தோம்பல்.